டெவில்ஸ் லேக் பயணம் இந்த ஆண்டு ஏன் வார நாளில்?

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க அக்டோபரில் விஸ்கான்சின் மாநிலத்து டெவில்ஸ் லேக் ஏரிக்குக் கூட்டிப்போகும் பயணத்தை இந்த வருடம் சனி, ஞாயிறில் வைக்கவில்லை. செவ்வாய் அல்லது புதன் மட்டும்தான், அதுவும் எந்த வாரம் என்பதை 5 நாள் முன்னால்தான் சொல்வோம். அறிவிப்பு போட்டதிலிருந்து "ஆஃபீஸில் லீவு கேட்க வேண்டாமா", "தேதியே தெரியாமல் எப்படிப் பேர் கொடுப்பது" என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்விகள்தான். வாட்ஸ்ஆப்பில் ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகப் பதில் போடுவதைவிட எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

போன வருடம் என்ன நடந்தது என்று அந்த வேனில் வந்த 14 பேருக்கும் தெரியும். அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை, சிகாகோ பக்கத்து நேப்பர்வில்லில் இருந்து காலை 8 மணிக்குக் கிளம்பினோம். ராக்ஃபோர்டு, ஜேன்ஸ்வில், மேடிசன் எல்லாம் தாண்டி ஏரிக்குப் பக்கத்து ஊரான பேரபூ போய்ச் சேரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. வாசலுக்கு ரொம்ப முன்னாலேயே கார்கள் வரிசை கட்டி நின்றன. உள்ளே போனால் வண்டி நிறுத்த இடமில்லை, வடகரைக்கும் தென்கரைக்கும் மாறி மாறிச் சுற்றினோம். ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் 6 பேர், மூன்றரை மணி நேரப் பயணத்துக்கு மேலே இன்னும் ஒன்றரை மணி நேரம் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லக்கூடக் கூச்சப்பட்டு ஒரு அம்மா பேசாமல் இருந்ததை அப்புறம்தான் அவர் மகள் சொல்லித் தெரிந்துகொண்டோம். தப்பு எங்களுடையது. கூட்டம் வரும் நாள் என்று தெரிந்தே தாமதமாகக் கிளம்பினோம். அந்த அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம், ஆனாலும் அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க முடியாதே. ஊரிலிருந்து ஆறு மாதத் தங்கலில் வருகிறவர்களுக்கு ஃபால் கலர்ஸ், அதாவது இலைகள் உதிரும் முன் நிறம் மாறும் காட்சி, ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்.

அதனால்தான் வார நாள். திங்கள் ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அக்டோபர் இரண்டாவது திங்கள் பள்ளிகளுக்கு விடுமுறை, அன்றைக்கும் சனிக்கிழமைக் கூட்டமேதான்.

சரி, தேதியை ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை? இலைகள் எந்த நாளில் நன்றாக நிறம் மாறி நிற்கும் என்று முன்னாலேயே சொல்ல முடியாது. இலையில் இருக்கும் மஞ்சள் கோடை முழுக்க அங்கேயேதான் இருக்கிறது, பச்சையம் அதை மூடி வைத்திருக்கிறது. பகல் குறுகக் குறுக மரம் புதிதாகப் பச்சையம் செய்வதை நிறுத்திக்கொள்ளும், இருந்த பச்சை வடிந்ததும் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். சிவப்பு அப்படியில்லை. அது அந்தச் சில வாரங்களில்தான் இலைக்குள் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் குளிரும் இருந்தால் இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து சிவப்பு ஏறும், ஒரு வாரம் மூடாக்காகவே போனால் மங்கிவிடும். இதற்கிடையில் காம்பு கிளையோடு சேரும் இடத்தில் தக்கை மாதிரி ஒரு அடுக்கு வளர்ந்து இலையின் பிடியைத் தளர்த்திக்கொண்டே வரும். கீழே கிடக்கும் மேப்பிள் இலை ஒன்றை எடுத்துக் காம்பின் அடியைப் பாருங்கள், பிய்ந்த தடமே இருக்காது, ஆறிப்போன தழும்பு மாதிரி வழவழவென்று மூடியிருக்கும். இலைகள் அந்த நிலைக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் போதும், காலையில் பாதி மலை மொட்டையாக நிற்கும்.

டெவில்ஸ் லேக்கில் வழக்கமாக அக்டோபர் நடுவில் உச்சம். மேப்பிள் முந்திக்கொள்ளும், ஓக் நிதானமாகத் துரு நிறத்துக்கு வரும். இரண்டும் சேர்ந்து நிற்கும் அந்தச் சில நாட்களைத்தான் பிடிக்கப் பார்க்கிறோம். விஸ்கான்சின் சுற்றுலாத் துறை கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வாரியாக நிற நிலவரம் வெளியிடுகிறது. அதில் ஏரி இருக்கும் சாக் கவுண்டியையும் வானிலையையும் பார்த்துத்தான் நாளைக் குறிப்போம்.

"பேய் ஏரிக்கா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது" என்று, 'டெவில்' என்ற பெயரைப் பார்த்து இரண்டு பேர் தயங்கினீர்கள். அந்த மண்ணுக்குரிய ஹோ-சங்க் பழங்குடி மக்கள் அதைப் புனித ஏரி என்றுதான் சொல்கிறார்கள், பெரியவர்களிடம் தாராளமாக அந்தப் பெயரையே சொல்லுங்கள். 1911இல் மாநிலப் பூங்காவான இடம். ஒரு பள்ளத்தாக்கின் இரண்டு முனைகளையும் பனியுகப் பனிப்பாறை மண்ணும் கல்லும் கொண்டுவந்து அடைத்துவிட்டுப் போக, நடுவில் நின்ற தண்ணீர்தான் இந்த 360 ஏக்கர் ஏரி. இரு பக்கமும் 500 அடிக்கு எழும்பும் குன்றுகள், ஊதாவும் ரோஸும் கலந்த குவார்ட்சைட் பாறை, வயது 150 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அந்தப் பாறைக்கு நடுவில் மஞ்சளும் சிவப்புமாக மரங்கள். காலை வெயில் மேற்குக் குன்றின் மேல் நேராக விழும். காற்று எழும்புவதற்கு முன்னால் போய்விட்டால் மலை முழுசாகத் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்பதைப் பார்க்கலாம். ஊரில் இலை ஒன்றிரண்டாகப் பழுத்து உதிர்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு மலையே ஒரே வாரத்தில் பழுத்து நிற்பதைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். ஆகவே இந்த முறை காலை 5 மணிக்கே வண்டி கிளம்பிவிடும். காபியும் இட்லியும் வேனிலேயே, மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும். வழியில் இரண்டு இடத்தில் கட்டாயம் நிறுத்துவோம், யாரும் கேட்க வேண்டியதில்லை.

பெரியவர்களை மேற்குக் கரையோரமாகப் போகும் டம்பிள்டு ராக்ஸ் பாதையில் நடத்திக் கூட்டிப்போவோம். ஒரு மைல்தான், பெரும்பாலும் சமதளம், ஒரு பக்கம் சரிந்து கிடக்கும் பாறைகள், மறுபக்கம் ஏரி. பேலன்ஸ்டு ராக் என்ற பாறைக்கு ஏறும் கல்படிகள் ரொம்பச் செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்களை அங்கே ஏற்ற மாட்டோம், "நான் ஏறிவிடுவேன்" என்று அப்பா சொன்னாலும் நீங்கள் எங்கள் பக்கம் நில்லுங்கள். அந்தக் கல்லில் ஈர இலை ஒட்டிக்கிடந்தால் எண்ணெய் கொட்டிய தரை மாதிரி வழுக்கும்.

இப்போதைக்குப் பேர் மட்டும் கொடுத்தால் போதும், தேதி குறித்த பிறகுதான் பணம். அந்தத் தேதி உங்களுக்கு ஒத்துவராவிட்டால் எதுவும் கட்ட வேண்டாம், இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம். குறித்த நாளில் மழை என்றால் அடுத்த நாளுக்குத் தள்ளுவோம், அதுவும் முடியாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும். எங்கள் வேன் வேறு மாநில வண்டி, இல்லினாய் நம்பர் பிளேட்டுக்குப் பூங்காக் கட்டணம் கொஞ்சம் அதிகம், அது எங்கள் கணக்கிலேயே அடங்கிவிடும். பெரியவர்களுக்குச் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போட்டு அனுப்புங்கள். ஏரிக்கரையில் காலைக் குளிர் காதில்தான் முதலில் ஏறும், குல்லாவை மறக்க வேண்டாம்.