வால்முடி தந்தவர்களுக்கும் வடிவம் சொல்லித் தந்தவர்களுக்கும்

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களில்) மாடு வைத்திருக்கும் பெரியவங்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கமுங்க.

போன வாரம் என் வாய்மொழித் தேர்வு முடிந்தது. காங்கயம் மாட்டின் மரபணுவுக்கும் உடலமைப்புக்கும் என்ன உறவு என்று செயற்கை நுண்ணறிவை வைத்துத் தேடிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். உங்களை எல்லாம் அதில் அடக்க முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

நான் வந்த புதிதில் கையில் நாடா இருந்தது. திமிலருகே உயரம், உடல் நீளம், மார்புச் சுற்றளவு, இந்த மூன்றையும் அளந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு பெரியவர் இரண்டு சாம்பல் நிற மயிலைப் பசுக்களை அருகருகே நிறுத்திக் காட்டினார். நாடாவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். "முன்கட்டப் பாரு, பின்கட்டப் பாரு, நிக்கிற நிலையப் பாரு. ரெண்டும் ஒண்ணா?" என்று முன்னுடம்பையும் பின்னுடம்பையும் காட்டிக் கேட்டார். ஒன்றில்லை என்பது எனக்கும் தெரிந்தது, ஆனால் அதை எண்ணாகச் சொல்லத் தெரியவில்லை. என் ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

அதற்குப் பிறகு நாடாவோடு படமும் எடுக்க ஆரம்பித்தேன். திமில் உச்சி, தோள் முனை, இடுப்பெலும்பு, வாலடி, முழங்கால் என்று படத்தில் நாங்கள் கையால் புள்ளி வைத்துக் காட்டுவோம். கணினி அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு புதுப் படத்தில் தானே வைக்கும். பிறகு மாடு பெரிதா சிறிதா, படத்தில் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைக் கணக்கில் கழித்துவிட்டால் மிஞ்சுவது வடிவம் மட்டும். எங்கெங்கே புள்ளி வைக்க வேண்டும் என்பதைப் பாடநூலைவிட நீங்கள்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தீர்கள். அசைபோட்டு நிற்கும்போது எடுங்கள், அப்போதுதான் மாடு உடம்பைத் தளர விட்டிருக்கும் என்று சொன்ன அண்ணனால் எத்தனை நாள் மிச்சமானது என்று அவருக்கே தெரியாது.

ஒரு தவறை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம், படத்தைப் பார்த்தே கணினி உயரத்தைச் சரியாக ஊகிக்கிறது என்று மகிழ்ந்து போயிருந்தேன். படத்தில் அது எந்த இடத்தைக் கவனிக்கிறது என்பதைச் சிவப்பாகக் காட்டும் ஒரு முறை உண்டு. அதை ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு ஆத்தா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏனம்மிணி, இந்தப் பொட்டி மாட்டப் பாக்குதா, வேலியப் பாக்குதா?" சிவப்பு முழுக்கக் கிளுவை வேலியில் இருந்தது. பெரிய மாடுகள் நின்ற கொறங்காட்டில் வேலி அடர்த்தி; கணினி அந்த வேலியைத்தான் கற்றிருந்தது. பின்னணியை நீக்கி, ஒரு கொறங்காட்டு மாடுகளில் கற்றதை வேறொரு கொறங்காட்டு மாடுகளில்தான் சோதிப்பது என்று முடிவு செய்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். பல மாத வேலை. ஆத்தா கேட்காமல் இருந்திருந்தால் தவறான ஒன்றுக்குப் பட்டம் வாங்கியிருப்பேன்.

கன்றுகளிலும் தடுமாறினோம். செவலையாகப் பிறந்து ஆறு மாதம் வாக்கில் நிறம் மாறும் கன்றைச் சாம்பல் நிற மாடுகளை மட்டுமே பார்த்துப் பழகிய கணினிக்கு அடையாளம் தெரியவில்லை. லீவு நாளில் கன்றை ஓட்டி வந்து நிறுத்தி, அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என் அன்பு.

மரபணுவுக்கு வால்முடி கேட்டபோது சிலர் தயங்கியது நியாயம்தான். கண் பட்டுவிடும் என்ற பயம் உங்களுக்கு, மாட்டுக்கு வலிக்குமோ என்ற பயம் எனக்கு. முடியின் வேரில்தான் டிஎன்ஏ இருக்கிறது என்று விளக்கிய பிறகு நீங்களே பிடுங்கி உறையில் போட்டுக் கொடுத்தீர்கள். அதோடு தாய்வழியும் சொன்னீர்கள். இன்ன கிடாரி இன்ன பசுவுக்குப் பிறந்தது, பொலிகாளை எந்த ஊர்க்காளை என்று நான்கு தலைமுறை வரை வாயாலேயே. இது சாதாரண உதவியில்லை. ஒரே காளைக்குப் பிறந்தவை உருவத்திலும் ஒத்திருக்கும், மரபணுவிலும் ஒத்திருக்கும். அந்த உறவைக் கணக்கில் எடுக்காவிட்டால் சம்பந்தமே இல்லாத மரபணுவெல்லாம் உருவத்துக்குக் காரணம் போலத் தெரியும்.

2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு 58,265 மாடுகளைச் சேர்த்துப் பார்த்து, உயரத்தோடு தொடர்புள்ள 163 மரபணுப் பகுதிகளைச் சொன்னது. அத்தனையும் சேர்ந்தே உயர வேறுபாட்டில் அதிகபட்சம் 13.8 சதவீதத்தைத்தான் விளக்கின. என்னிடம் இருந்த மாடுகள் அதில் ஒரு துளி. அதனால் இந்த மரபணுதான் காங்கயத்தின் முன்கட்டைத் தருகிறது என்று நான் எங்கும் எழுதவில்லை. வடிவத்தை நம்பகமாக அளக்க முடியும், அந்த வடிவம் வம்சத்தில் இறங்குகிறது என்பது வரைக்கும்தான் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுதச் சொல்லி ஒருநாளும் வற்புறுத்தாத என் நெறியாளருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

காலை ஐந்து மணிக்கு என்னோடு வண்டியேறிய கால்நடை மருத்துவர்களுக்கும், ஆய்வகத்தில் உறைகளை எண் போட்டு அடுக்கிய அக்காவுக்கும், உடம்பில் புள்ளி வைக்கும் டீப்லேப்கட் மென்பொருளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விட்டவர்களுக்கும், அறுவடை நேரத்தில்கூட வீட்டுக்குக் கூப்பிடாத அப்பா அம்மாவுக்கும் நன்றி.

எடுத்த படங்களை மாட்டுக்கு ஒன்றாக அச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். பின்னால் அதன் அளவுகளையும் தாய்வழியையும் தமிழில் எழுதியிருக்கிறேன். சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு எடுத்து வருகிறேன். மாட்டை விற்றிருந்தாலும், அது இப்போது உயிரோடு இல்லை என்றாலும், படம் உங்களுக்குத்தான். வந்து வாங்கிக்கொள்ளுங்க. வர முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் கொறங்காட்டுக்கே கொண்டு வந்து தருகிறேன். ஆத்தாவுக்கு மட்டும் வேலி தெரிகிற படமாக எடுத்து வைத்திருக்கிறேன்.