1967 அல்ல, 1962

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த ஆஸ்திரேலிய வரலாற்றுக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1788-இல் ஆர்தர் பிலிப் பதினோரு கப்பல்களோடு வந்து கைதிகளை இறக்கியதில் தொடங்கி, 1901-இல் ஆறு குடியேற்றங்கள் சேர்ந்து ஒரே நாடானது வரை விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் பூர்வகுடிகளுக்கு 1967-இல்தான் ஓட்டுரிமை கிடைத்தது என்ற வரி சரியல்ல. ஆஸ்திரேலியர்களிலேயே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். அதனால் கட்டுரையாளரைப் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை.

நாடாளுமன்றத் தேர்தலில் பூர்வகுடிகள் எல்லோரும் ஓட்டுப் போட வழி செய்தது 1962-ஆம் ஆண்டுச் சட்டம். மாநிலத் தேர்தலில் கடைசியாக இறங்கி வந்தது குயின்ஸ்லாந்து, 1965-இல். 1967 பொதுவாக்கெடுப்பின் விஷயமே வேறு. பூர்வகுடிகளுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. நாட்டின் மக்கள்தொகையில் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற அரசியல் சட்டப் பிரிவு போனது.

ஜனநாயகம் அங்கே படிப்படியாக விரிந்தது என்று எழுதியிருப்பதுதான் இன்னும் உறுத்துகிறது. தெற்கு ஆஸ்திரேலியா 1894-இலேயே பெண்களுக்கு ஓட்டுரிமை தந்துவிட்டது, பூர்வகுடிப் பெண்களுக்கும் சேர்த்து. 1896 தேர்தலில் பாயின்ட் மெக்லே மிஷனில் வாக்குச்சாவடியே வைத்தார்கள். அங்கிருந்த பூர்வகுடி ஆண்களும் பெண்களும் வந்து ஓட்டுப் போட்டார்கள். அப்புறம் வந்தது 1902 சட்டம். வெள்ளைக்காரப் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டு, பூர்வகுடிகளுக்கு இல்லை. மாநிலத்தில் ஓட்டு உள்ளவருக்கு மத்தியிலும் உண்டு என்று அரசியல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு சொன்னது. அதிகாரிகளோ, ஏற்கெனவே பட்டியலில் பெயர் இருப்பவருக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்று பொருள் கொண்டார்கள். புதுப் பெயர் சேராத பட்டியல் எத்தனை காலம் தாங்கும்? கொடுத்ததைப் பிடுங்கிய கதை இது, விரிந்த கதை அல்ல. அதே சட்டம் ஆசியாவில் பிறந்தவர்களையும் ஒதுக்கியது; பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போய்க் குடியேறியிருந்த நம்மவர்களுக்கு 1925-இல்தான் கதவு திறந்தது.

கட்டுரை 1967-ஓடு நிறைவாக முடிந்துவிடுகிறது. குடியேறிகள் வருமுன் அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற வாதத்தை உயர் நீதிமன்றம் 1992 மாபோ தீர்ப்பில் தள்ளியது. பூர்வகுடிகளுக்கென நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு வேண்டுமா என்று 2023 அக்டோபரில் கேட்டபோது, சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. இந்த இரண்டையும் பற்றி இன்னொரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி