ஐந்து கிண்ணம் ஊறுகாய்

பினாங்கு,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அண்ணன், அண்ணி, தங்கை வீட்டார் அனைவரும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. பாப்பாவின் கையெழுத்து எவ்வளவு திருந்தியிருக்கிறது! நீ சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறாள், வரிக்கு வரி உன் குரல் கேட்கிறது. "நாலு மாதமாக ஒரு வரி இல்லை. போனில் நீ பேசுவது பாதிதான் காதில் விழுகிறது. எழுதினால் பத்துத் தடவை படிக்கச் சொல்லிக் கேட்பேன்" என்ற இடத்தில் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். மிச்சத்தை இரவில்தான் படித்தேன். வேலை அதிகம் என்று எழுதலாம். வேலை யாருக்குத்தான் இல்லை? எழுதாமல் இருந்தது என் தப்பு, அம்மா.

பாப்பா, நீ பாட்டிக்கு இடது காதுப் பக்கம் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் படி.

என்ன சாப்பிடுகிறேன் என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். கடையில் இரண்டு வேளை கொடுத்துவிடுகிறார்கள். இரவில் மட்டும் அறையில் சோறு வடித்துக்கொள்கிறேன். தொட்டுக்கொள்ள நானே ஊறுகாய் போட்டிருக்கிறேன், அதுவும் தர்பூசணித் தோலில். நீ நம்ப மாட்டாய், அதனால் முழுவதும் சொல்கிறேன்.

நான் இப்போது கடையில் தண்ணீர்ப் பகுதியில் இருக்கிறேன். இந்த ஊர்த் தமிழர்கள் டீ, காபி, பழச்சாறு எல்லாவற்றையும் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். சாப்பிட உட்கார்ந்தவரிடம் "தண்ணீர் என்ன?" என்று கேட்டால் என்ன குடிக்கிறீர்கள் என்று பொருள். இங்கே குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வருடம் முழுவதும் புழுக்கம், அதனால் தர்பூசணிச் சாறு ஓயாமல் போகும். தினம் ஆறேழு பழம் அறுக்கிறேன். மலாயில் அதற்குத் தெம்பிக்காய் என்று பெயர். முதல் தடவை கேட்டபோது நம் ஊர்க் காய் ஏதோ ஒன்றைச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன்.

சிவப்பைச் சுரண்டி எடுத்த பிறகு தோல் இரண்டு வாளி சேரும். நம் வீட்டில் சித்திரை வெயிலில் பழம் அறுத்தால் தோல் நேரே தொழுவத்துக்குப் போகும், செவலை மூச்சு விடாமல் தின்னும். இங்கே கறுப்புப் பையில் கட்டித் தெருமுனையில் வைக்க வேண்டும். அது எனக்கு ஒரு நாளும் பழகவில்லை. கையில் எடுத்தால் வெள்ளரிக்காய்போலக் கனக்கிறது, கடித்தால் வெள்ளரிக்காய்போலவே நறுக்கென்று இருக்கிறது. பூசணித் தோலில் துவையல் அரைத்தவளின் பிள்ளை அதைக் குப்பையில் போடலாமா?

ஜாலான் பினாங்கு என்ற சாலையில் சௌராஸ்தா சந்தை என்று ஒன்று இருக்கிறது. நாற்சந்தி என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். ஊறுகாய்க்குப் பேர்போன இடம். மாங்காய், நெல்லிக்காய், இன்னும் நான் பெயர் அறியாத காய்களெல்லாம் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக இருக்கும். அங்கேதான் ஜாதிக்காயின் சதையை ஊறுகாய் போட்டு விற்பதைப் பார்த்தேன். நமக்கு ஜாதிக்காய் என்றால் உள்ளே இருக்கும் கொட்டைதான், மருந்துக் கடையில் உரசிக் கொடுப்பார்களே அது. அதன்மேல் இவ்வளவு தடித்த சதை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. இந்தத் தீவில் பாலிக் பூலாவ் பக்கம் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருக்கின்றன. கொட்டை ஒரு வழியாகப் போக, சதையை உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் என் இரண்டு வாளியும் நினைவுக்கு வந்தன.

முதல் தடவை போட்டது கெட்டுப்போனது. பச்சைத் தோலைச் சீவி, நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து எண்ணெய் ஊற்றி மூடிவிட்டேன். நான்காம் நாள் திறந்தால் நுரை. துண்டெல்லாம் கொழகொழவென்று ஆகி, புளித்த மாவு வாடை அடித்தது. அத்தனை நல்லெண்ணெயும் வீண். இங்கே நல்லெண்ணெய் விலை கூடுதல். அதைக் கொட்டப் படியிறங்கியபோதுதான் ஆமா பார்த்துவிட்டார்.

ஆமாவைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறேன், உனக்குக் கேட்டதோ இல்லையோ. நாங்கள் இருப்பது பழைய சீனக் கடைவீட்டின் மாடி. கீழே பின்கட்டில் இருக்கிற சீனப் பாட்டி அவர். ஹொக்கியன் பேச்சில் ஆமா என்றால் பாட்டி. தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. வந்த புதிதில் யாராவது "ஆமா!" என்று கீழே குரல் கொடுத்தால் அம்மா என்று கேட்டுத் திரும்பிப் பார்ப்பேன். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் காலையில் கைத்தடியால் மாடிப்படியை இரண்டு தட்டு தட்டி, "சுடா மாக்கான்?" என்று மலாயில் கேட்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். இல்லை என்று சொன்னால் போக மாட்டார், நின்றுகொண்டே இருப்பார். மழை வருவதை மூக்கால் கண்டுபிடித்துவிடுவார். வானம் வெளுத்துக் கிடக்கும்போதே கொடியில் இருக்கிற துணியை எடுக்கச் சொல்லிச் சத்தம் போடுவார், நாங்கள் எடுத்து முடிப்பதற்குள் தூறல் விழும்.

அவர் என் ஜாடியை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினார், தண்ணீர் சொட்டியது. "ஆயிர், ஆயிர்" என்றார், தண்ணீர், தண்ணீர் என்று. பிறகு தன் நாக்கைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். இதில் புளிப்பே இல்லை என்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாங்காய்க்கும் நார்த்தங்காய்க்கும் அவற்றின் புளிப்பே காவல். இந்தத் தோலுக்கு நாம்தான் புளிப்பைக் கொடுக்க வேண்டும், அதற்கு முன் தண்ணீரை வாங்க வேண்டும். நீ மாவடுவை வெறும் உப்பில் சுருங்கவிடுவதை எத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்! பார்த்தேனே தவிர, ஏன் என்று ஒரு நாளும் உன்னைக் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை ஆமா சொன்னபடி செய்தேன். தோலின் பச்சையை நரம்புகூட மிஞ்சாமல் சீவி, வெண்மையோடு ஒரு நூல் சிவப்பு ஒட்டியிருக்கும்படி விட்டு, சுண்டுவிரல் நுனி அளவு நறுக்கினேன். இரண்டு கிலோ வந்தது. நூறு கிராம் கல்லுப்புப் போட்டுப் பிசிறி ஓர் இரவு வைத்தேன். விடிந்து பார்த்தால் துண்டுகள் மிதக்கின்றன, அவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறது. ஆமா வெள்ளைத் துணியில் கொட்டிக் கட்டி முறுக்கிப் பிழிந்தார். அவர் கையில் அந்த வலு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பிழியும்போது அவரும் பேச மாட்டார், நாமும் பேசக் கூடாது. அவர்கள் வெள்ளரியையும் கேரட்டையும் இப்படித்தான் பிழிந்து காயவைத்து அச்சார் போடுகிறார்கள். வேர்க்கடலையும் எள்ளும் தூவுகிறார்கள், இனிப்பும் சேர்க்கிறார்கள். எனக்கு அந்த இனிப்பு ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கை சுத்தம்.

காயவைத்தது எங்கே தெரியுமா? இந்தக் கடைவீடுகளுக்கு நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிறது. நம் வீட்டு முற்றத்தைப்போலவே நான்கு பக்கமும் ஓடு சரிந்து, மழை நேரே நடுவில் விழும். பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரைதான் வெயில். அதற்குள் ஆமா காவல் இருந்து மூன்று நாள் காயவைத்துக் கொடுத்தார். நான் கடையில் இருந்தேன். இரண்டு கிலோவும் சுருங்கி இரண்டு கைப்பிடிக்கு வந்துவிட்டது.

மசாலா மட்டும் உன்னுடையது. லிட்டில் இந்தியாவில் லெபு பாசார் தெருக் கடையில் வெந்தயம், கடுகு, கட்டிப் பெருங்காயம் வாங்கினேன். நம் எலுமிச்சைக்குப் பதில் இங்கே லிமாவ் கஸ்தூரி என்று கோலிக்குண்டு அளவில் ஒன்று கிடைக்கிறது, வாசனை தூக்கலாக இருக்கும். முப்பது பழம் பிழிந்தேன். போதாது என்று ஆமா காய்ச்சி ஆறிய காடியும் சேர்க்கச் சொன்னார். வெந்தயத்தை வறுக்கும்போது எப்போது இறக்குவது என்று நினைவில்லை. வாசனை வந்ததும் கை தானாக இறக்கிவிட்டது. அந்த வாசனைக்கு மாடியில் இருந்த மற்ற மூன்று பேரும் எழுந்து வந்து அடுப்படியில் நின்றார்கள், யாரும் ஒன்றும் பேசவில்லை.

பத்து நாள் கழித்துத் திறந்தேன். துண்டு கெடவில்லை, மென்றால் சத்தம் கேட்கிறது. காரம் சரி, உப்பு ஒரு சிட்டிகை கூடுதல். பக்கத்தில் இருந்த கிண்ணங்களை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். பெரியம்மா வீட்டுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, கீழத்தெரு அத்தைக்கு ஒன்று, அப்பா படத்துக்கு முன்னால் வைக்க ஒன்று. ஐந்தையும் நிரப்பித் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, யாரைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்புவது என்று வாசல் பக்கம் திரும்பினேன். அங்கே மாடிப்படிதான் இருந்தது. அம்மா, எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

ஒரு கிண்ணம் ஆமாவுக்குக் கொடுத்தேன். ஒன்று வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிற குவீன் தெரு மாரியம்மன் கோயில் வாசல் பூக்காரம்மாவுக்கு. அது 1833-இல் கட்டிய கோயிலாம். உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டேன். மிச்சத்தை நாங்கள் நான்கு பேரும் சாப்பிடுகிறோம். அப்பாவுக்கு என்று எடுத்ததை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன்.

தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது தலையில் சுமந்துவந்த பழுப்பு ஜாடி இருக்கிறதே, நீ மாவடு போடுவது, அதே மாதிரி ஒன்று ஆமாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பார்த்ததும் தொட்டுக் கும்பிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, சிரித்தார்.

இனி நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா, இதை உன் அப்பா வீட்டில் இருக்கும்போது படித்துக் காட்டு.

அண்ணா, கொல்லையின் கீழ்ப்பாதியை விற்க வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது நாம் இருவரும்தான் வரப்பில் நின்றோம். நூற்று நாற்பது தென்னை மரத்தில் ஒன்பது நின்றது. அன்று விற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கன்று வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, இப்போதுதான் பாளை விட்டிருக்கிறது என்று அம்மா எழுதியிருக்கிறாள். பாளை விட்ட மரத்தை எப்படி விற்பது? மாப்பிள்ளை குறுக்கே பேசியது தப்பாகவே இருக்கட்டும். அவர் பேசிய முறைதான் தப்பு, சொன்ன விஷயம் சரி. கடனில் மிச்சம் இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதம் சம்பளத்தில் வேலை பெர்மிட்டுக்குப் பிடித்துக்கொண்டதால் பணம் இரண்டு வாரம் தள்ளி வரும், அவ்வளவுதான். நீ யாரிடமும் கைமாற்று வாங்காதே.

அம்மா, தங்கை மகள் குட்டியின் காதுகுத்துக்கு நான் வர முடியாது. தை மாதம் இங்கே தைப்பூசம். தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி ஏறுகிற கூட்டம் முழுவதும் சாப்பிட இறங்குவது எங்கள் தெருக்களில்தான். அப்போது யாருக்கும் விடுப்பு கிடையாது. அண்ணன்தான் அவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மாமன் மடி காலியாக இருக்கக் கூடாது. பேச்சு இல்லை என்பதை அன்று ஒரு நாள் அண்ணனும் மாப்பிள்ளையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரட்டும். சீருக்கு ஒரு பவுன் சொல்லியிருந்தேன். இப்போது அரைப் பவுனில் தோடு செய்யச் சொல், பிள்ளைக் காதுக்கு அது போதும், கனமாகப் போட்டால் காது அறுந்துவிடும். மீதி அரையை அவள் பள்ளிக்கூடம் சேரும்போது செய்கிறேன் என்று தங்கையிடம் நீயே பக்குவமாகச் சொல். பட்டுப்பாவாடைத் துணி இங்கே எடுத்துவிட்டேன், மாம்பழ மஞ்சள். அடுத்த மாதம் ஊருக்கு வருகிற பட்டுக்கோட்டைத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். அதனோடு ஊறுகாயும் ஒரு சின்னப் போத்தல் வரும், சாப்பிட்டுப் பார்த்துக் குறை என்ன என்று எழுது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்தாதே. மழைக்கு முன் வடக்குப் பக்க ஓட்டைப் பிரித்துப் போடச் சொல். நார்த்தங்காயை எத்தனை நாள் உப்பில் போட்டு எத்தனை நாள் வெயிலில் வைப்பாய் என்பதையும் பாப்பாவிடம் சொல்லி எழுதவை, ஆமா கேட்கிறார்.

உன் அன்பு மகன்