எழுதியவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் கலைப் பக்கத்தில் நம் உள்ளூர்ப் பாடல்கள் மூன்று வெளிவந்த செய்தியைப் படித்தேன். மகிழ்ச்சி. யூடியூப்பில் எத்தனை பேர் பார்த்தார்கள், காணொளியில் ஆடிய பெண் யார், படப்பிடிப்பு எந்த மலையில் நடந்தது, எல்லாம் இருந்தது. பாடகரின் சட்டையைத் தைத்தவர் பெயர்கூட இருந்தது. பாட்டை எழுதியவர் பெயர் மட்டும் மூன்றிலும் இல்லை.

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு கேசட் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் நான். பாட்டு விற்றதில் பாதி, பஞ்சாயத்து தீர்த்ததில் பாதி என்று நாள் போகும். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை வைரமுத்துதான் எழுதினார் என்று அடித்துச் சொல்வார்கள். அவருக்கு அது முதல் படம், அதனால் வரும் குழப்பம். நான் டப்பாவைத் திறந்து உள்ளே மடித்திருக்கும் அட்டையை நீட்டுவேன். எறும்பு அளவு எழுத்தில் 'வாலி' என்று இருக்கும். வைரமுத்து எழுதியது 'பொன்மாலைப் பொழுது'. பந்தயத்தில் தோற்றவர் செலவில் எனக்கு எத்தனையோ கோப்பை தே தாரிக் தேநீர் கிடைத்திருக்கிறது!

அதே 'மடை திறந்து'வை 2006இல் நம் மலேசிய ராப் குழுவான யோகி பி – நட்சத்திரா 'வல்லவன்' தொகுப்பில் ராப்போடு சேர்த்துத் தந்தபோது, பள்ளிச் சீருடையோடு பையன்கள் கடைக்கு வந்து, "அக்கா, அந்த வேகமான வரி என்னன்னு எழுதிக் கொடுங்க" என்று நின்றார்கள். வரிக்காக வந்தார்கள், ஐயா. ஆட்டத்துக்காக இல்லை.

இப்போது அட்டையும் இல்லை, டப்பாவும் இல்லை. போன மாதம் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது அண்ணன் மகன் காரில் ஒரு புதுப் பாட்டைப் போட்டான். நல்ல வரிகள். யார் எழுதியது என்றேன். "பாடுறவர்தான் அத்தை, வேற யாரு?" என்றான். ஸ்பாட்டிஃபையில் மூன்று புள்ளியைத் தட்டித் தேடினோம். அங்கேயும் பாடகர் பெயர் மட்டும்தான்.

எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இருக்கிறார். நீங்கள் போட்ட மூன்றில் ஒன்று அவர் எழுதியது. அவருடைய அம்மா காலையிலேயே கடைக்குப் போய் இரண்டு பிரதி வாங்கி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவித் தேடினார். பிறகு, "அடுத்த வாரம் போடுவாங்க போல" என்று மடித்து வைத்துவிட்டார்.

பாடியவரே எழுதியிருந்தால் 'எழுதிப் பாடியவர்' என்று போடுங்கள். இல்லையென்றால் இசை, வரிகள் என்று ஒரு வரி போதும். பாடலை அனுப்புகிறவர்களிடமே அதைக் கேட்டு வாங்கிவிடலாம். இடம் போதாது என்றால், சட்டையைத் தைத்தவர் பெயரை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கேசட் கடைக்காரி,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு