ஏறின கியரிலேயே இறங்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

மலைப்பாதைப் போக்குவரத்துக்குப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், ஒரு வளைவை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. சாலைக்கு மேலே வீடு, கீழே தோட்டம். நடுவில் போகும் சாலை உங்களுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடியும் ஒரு கார் முன்சக்கரங்களில் புகையோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. உள்ளே இரண்டு குழந்தைகள். ஓட்டி வந்த தம்பி இறங்கி ஓடிவந்து, சக்கரத்தில் ஊற்ற ஒரு குடம் தண்ணீர் கேட்டார். "கொதிக்கிற இரும்பில் தண்ணீர் ஊற்றாதீங்க தம்பி, அரைமணி நேரம் அப்படியே விடுங்க" என்று சொல்லி எல்லோரையும் திண்ணையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். எந்த கியரில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். டீசல் மிச்சமாகும் என்று பாதி வழி நியூட்ரலில் வந்தாராம். "யாரும் சொல்லலையேம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது, மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். அவ்வளவு இறக்கத்தையும் காலால் மிதித்தே சமாளிக்கப் பார்த்தால் பிரேக் சூடேறும், பிடிமானம் போகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே அமுங்கும். என் கணவர் முப்பது வருஷம் தேயிலை லாரி ஓட்டியவர். அவர் கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்பது. வண்டியை இன்ஜின் பிடிக்கட்டும், பிரேக்கை வளைவுக்கு வைத்துக்கொள் என்பார். சமவெளியில் ஓட்டிப் பழகியவருக்கு இது எப்படித் தெரியும்? அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.

போன வருஷம் ஆயுத பூஜை விடுமுறையில், பனிமூட்டத்தில் இறங்கிய ஒரு வேன் பிரேக் பிடிக்காமல் எங்கள் தோட்டச் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. சுவர் இல்லாவிட்டால் அதற்கப்புறம் பள்ளம்தான். பெரிய காயம் யாருக்கும் இல்லை, தெய்வாதீனம். இடிந்த சிமெண்டும் காரையும் ஹைட்ரேஞ்சியா பாத்தியில் விழுந்தன. முடிந்தவரை பொறுக்கி எடுத்தோம். தேயிலை விளைகிற புளிப்பு மண் இது, எங்கள் ஹைட்ரேஞ்சியா எப்போதும் நல்ல நீலமாகத்தான் பூக்கும். இந்த வருஷம் சுவர் விழுந்த இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கிறது. மண்ணில் சுண்ணாம்பு இறங்கி, புளிப்பு குறைந்துவிட்டது. பார்க்கிறவர்கள் அழகு என்கிறார்கள். எனக்கு அந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வேனில் இருந்த குழந்தைகள் அழுத சத்தம்தான் கேட்கிறது.

செடி போகட்டும், திரும்ப வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்க முடியாதது வேறு. புதன்கிழமை மத்தியானம் நாங்கள் ஆறு பெண்கள் என் திண்ணையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவோம். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குத்தான், மார்கழிப் பனிக்கு முன்னால் முடித்துக் கொடுத்துவிட வேண்டும். அதில் எல்லோரையும்விட அழகாகப் பின்னுகிறவர் கீழே தேயிலைத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருக்கும் பாட்டி. கழுத்துப் பட்டியில் கண்ணி குறைப்பதை எங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர். இப்போது ஆறு வாரமாக அவர் வரவில்லை. சாலையைக் கடக்கப் பயம். இருபதடி அகலம்தான், ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று தெரியாது. கால் இழுத்து நடக்கிறவர் பாதிச் சாலையில் இருக்கும்போது ஹாரன் அடித்தால் என்ன செய்வார்? கம்பளி நூலை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறேன். தனியாக உட்கார்ந்து பின்னுகிறார். "நாலு பேர் பேச்சு கேட்டுக்கிட்டே பின்னினா கை வலிக்காதும்மா" என்று போன வாரம் சொன்னார். ஐம்பது வருஷம் இந்த மலையில் கொழுந்து பறித்த மனுஷிக்கு, இந்த மலையிலேயே இருபதடி கடக்க வழி இல்லை.

அதனால் கேட்கிறேன். குன்னூரில் இறக்கம் தொடங்கும் இடத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். வெளியூர் வண்டி ஒவ்வொன்றையும் அரை நிமிஷம் நிறுத்தி, "ஏறின கியரிலேயே இறங்குங்க, நியூட்ரல் போடாதீங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க" என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவருக்கு கியரை எதில் போட வேண்டும் என்றும் சொல்லட்டும்.

பலகை வைத்திருக்கிறோமே என்பீர்கள். உண்மைதான், வைத்திருக்கிறீர்கள். பனிமூட்டத்தில் வளைவைத் தேடிக்கொண்டிருப்பவர் பலகையைப் படிப்பாரா? ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது சாலை விதிகளிலேயே இருக்கிறது. என் திண்ணையிலிருந்து பார்த்தால், அந்த விதியைத் தெரிந்து ஓட்டுகிறவர்கள் உள்ளூர்க்காரர்களும் அரசுப் பேருந்து ஓட்டுநர்களும் மட்டும்தான்.

இந்த மலையில் ஒன்றைச் செய்ய நினைத்தால் நடக்கிறது. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் எல்லாம் கேட்கிறீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று வண்டிக்குள் குனிந்து பார்க்கிறீர்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. கோடை சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குகிறீர்கள். அந்த நாட்களில் பாட்டி தைரியமாக வந்து போவார். பாட்டிலைத் தேட ஆள் இருக்கும்போது, உயிர் காக்கிற ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் போகுமா?

எங்கள் மலை ரயிலைப் பாருங்கள். 1899 முதல் இதே சரிவில் குன்னூருக்கு ஏறி இறங்குகிறது. நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் இருந்தும், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கவென்றே ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு வருகிறார். இறக்கத்தை அவ்வளவு மதித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சாலையில் ஐம்பது பேரோடு ஒரு பேருந்து, பாதை பழகாத ஓட்டுநரை மட்டும் நம்பி இறங்குகிறது. 2023 செப்டம்பர் 30 சாயங்காலம் இதே சாலையில் மரப்பாலம் பக்கத்தில் தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அன்று ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். அதைக் கேட்ட யாரும் இங்கே மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மழையிலும் பனியிலும் சாலையில் நிற்கும் உங்கள் காவலர்களின் சிரமம் எனக்குத் தெரியும், எத்தனையோ பேர் எங்கள் திண்ணையில் தேநீர் குடித்துப் போயிருக்கிறார்கள். தினமும் முடியாவிட்டால் சனி, ஞாயிறும் விடுமுறை நாட்களும் மட்டுமாவது ஓர் ஆளை நிறுத்துங்கள். அப்புறம் எங்கள் வளைவில் ஒரு குவி ஆடி, கீழிருந்து வரும் வண்டிக்கும் மேலிருந்து வரும் வண்டிக்கும் தெரிகிற மாதிரி. அதற்குக் கம்பம் நட எங்கள் தோட்டத்தில் இடம் தருகிறேன். சுவர் இடிந்த மூலை சரியாக இருக்கும், அங்கே பாத்தியை நான் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.

ஸ்வெட்டர் இன்னும் பதினொன்று பாக்கி இருக்கிறது. பனி விழுவதற்குள் பாட்டி மேலே வந்து உட்கார்ந்தால் முடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
வளைவு வீட்டுக்காரி