மாப்ள, அந்த ராத்கோவ இப்ப வாங்காத

மாப்ள,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடணும் போடணும்னு நெனச்சுட்டே இருந்தேன், ஆனா இங்க அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன், பெரியவளுக்குப் பாலக்காட்டுல காலேஜ் அட்மிஷன், நடுவுல தென்னைக்கு வண்டு விழுந்து அந்த அலைச்சல் வேற. அப்பாவுக்கு இப்ப நல்லாத் தெரியுது. தெருமுனைல வர்ற ஆளப் பாத்து "அவனுக்குத் தல நரச்சுப் போச்சேடா"ங்கறாரு, நாலு வருஷமா தெனமும் பாக்கற ஆளு.

சரி உன் விஷயத்துக்கு வர்றேன். பெங்களூர் பிளாட் ஹாலுக்கு மார்க் ராத்கோங்கற அமெரிக்க ஓவியரோட படத்த பிரிண்ட்டா வாங்கப் போறேன்னு போட்டோ அனுப்பிருந்தியே, மேல ஆரஞ்சு கீழ நீலம், 24க்கு 20 இஞ்ச் கேன்வாஸ். அது 1960ல வரஞ்ச 'நம்பர் 14', ஒரிஜினல் சான் பிரான்சிஸ்கோ மியூசியத்துல இருக்கு. அதோட ஒயரம் என்னன்னு பாத்தியா? 290 செண்டிமீட்டர், அகலம் 268. உன் பிளாட்டுக்குள்ள நிமித்தவே முடியாது. அந்த மனுசன் வேணும்னே அப்படி வரஞ்சவரு, பாக்கறவங்க கிட்ட வந்து நிக்கணும், கலருக்குள்ளயே நிக்கற மாதிரி இருக்கணும்னு. மெல்லிசா ஒண்ணு மேல ஒண்ணாப் பூசுன கலரு வேற, அடில இருக்கறது மேல கசிஞ்சு தெரியும். அதப் போயி ரெண்டடிக்குச் சுருக்கி கேன்வாஸ்ல அடிச்சா சோபாவுக்கு மேட்ச்சா ரெண்டு கலர் பட்டை, அவ்ளோதான். இன்னொண்ணு, ராத்கோ 1970ல தான் செத்தாரு, நம்ம நாட்டுல ஆளு போயி 60 வருஷம் காப்பிரைட், அதனால 2030 முடியற வரைக்கும் லைசென்ஸ் இல்லாம அடிச்சு விக்கறதெல்லாம் திருட்டு பிரிண்ட் தான்.

அச்சுப் படம்னாலே மட்டம்னு நான் சொல்ல வரல. நம்ம பாட்டிங்க காலத்துல இருந்து பூஜை ரூம்ல இருந்ததெல்லாம் என்ன? கிளிமானூர்ல பொறந்த ரவி வர்மா 1894ல பம்பாய்ல பிரஸ்ஸே போட்டு லட்சுமியும் சரஸ்வதியும் அடிச்சு ஊரு ஊருக்கு அனுப்புனாரு. அது வீட்டுச் செவுத்துக்குன்னே அடிச்சது, அதான் அங்க பொருந்துச்சு. நான் சொல்றது இவ்ளோதான், எந்தப் படத்தோட சொந்த அளவு உன் செவுத்துக்கு ஒத்து வருதோ அத வாங்கு. இன்னொரு அமெரிக்க ஓவியர் பொல்லாக்கோட 'ஒன்: நம்பர் 31' பதினேழு அடிக்கு மேல அகலம், அது உனக்கு ஆகவே ஆகாது. ஜோசப் ஆல்பர்ஸ்னு ஒரு ஓவியரோட சதுரத்துக்குள்ள சதுரம் வரிசை 16 இஞ்ச்லயே இருக்கு, அது பரவால்ல, ஆனா அவரு போனது 1976, அங்கயும் லைசென்ஸ் பிரிண்ட் தான் தேடணும்.

நான் இங்க மாட்டிருக்கறது பிரெஞ்சு ஓவியர் மத்தீஸோட 'லகூன்'. 1941ல வயித்துல பெரிய ஆப்பரேஷன் ஆகி, அதுக்கப்பறம் பெரும்பாலும் கட்டிலும் சக்கர நாற்காலியும்னு ஆன ஆளு, கூட இருக்கறவங்க காகிதத்துல கலர் அடிச்சுக் குடுக்க கத்திரிக்கோல்லயே வெட்டி வெட்டிப் பண்ணாரு. அதுல 20 படத்த 1947ல 'ஜாஸ்'னு புக்கா போட்டாங்க, ஸ்டென்சில் வெச்சு, அவரு யூஸ் பண்ணுன அதே கலர் வாங்கி. லகூன் அதுல ரெட்டப் பக்கப் படம், கிட்டத்தட்ட 42க்கு 65 செண்டிமீட்டர். டாஹிட்டி போயிட்டு வந்த கடல் ஞாபகம்ங்கறாங்க, பாசியா பவளமான்னு சொல்ல முடியாத வளைவுங்க. மொதல்லயே அச்சுக்குப் போனது, அளவும் செவுத்துக்குச் சரி, 1954ல செத்ததால இங்க காப்பிரைட்டும் தீந்துச்சு. அச்சுல வந்தது அவருக்கே திருப்தி இல்ல, வெட்டுன காகிதத்தோட உசுரு போச்சுன்னு நெனச்சாராம். அது பெரியவங்க கவலை, எனக்குப் போதும்.

பிரேம் போட கோயமுத்தூர்ல ஒரு பெரியவர்கிட்ட குடுத்தேன், கடை பூரா முருகனும் குருவாயூரப்பனும் மாலை போட்ட தாத்தாக்களும். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஏனுங் சார், இதுல தல எந்தப் பக்கமுங்?"னாரு. சிரிக்காத. 1961ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துலயே மத்தீஸோட 'படகு' 47 நாள் தலகீழா தொங்குச்சு, பாக்க வந்த ஒரு அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது.

ஆனா அவரு வேலை சுத்தம். கண்ணாடி படத்துல ஒட்டக் கூடாதுன்னு சுத்தி மூணு இஞ்ச்சுக்கு மவுண்ட் போர்டுங்கற தடி அட்டை வெச்சாரு, ஆடி ஈரத்துல கண்ணாடி வேர்த்தா காகிதம் அப்படியே ஒட்டிக்கும். மைதா பசை ஒரு சொட்டு இல்ல, இல்லாட்டி ராமபாணப் பூச்சி விருந்துக்கு வந்துரும். பிரேமுக்குப் பின்னாடி கீழ் மூலை ரெண்டுலயும் தக்கைத் துண்டு ஒட்டுனாரு, செவுத்துக்கும் பிரேமுக்கும் நடுவுல காத்து போகறதுக்கு. இங்க கொழிஞ்சாம்பாறைல நம்ம வீட்டு மேக்கால செவுரு உனக்கே தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மழைக்காத்துல பூசணம் புடிச்சு கெடக்கும், அதனால சமையக்கட்டுப் பக்கத்து உள்செவுத்துல தான் மாட்டிருக்கேன். பிரிண்ட்ட விட பிரேம் தான் காசு, அதுல மிச்சம் புடிக்காத.

அப்பாகிட்ட பணிக்கர் படம் இருக்கற புக்கக் காட்டுனேன், கே.சி.எஸ். பணிக்கர், 1911ல நம்ம கோயமுத்தூர்ல பொறந்தவரு, 1966ல மெட்ராஸ் பக்கத்துல சோழமண்டலம்ங்கற ஓவியர் கிராமத்த ஆரம்பிச்சவரு. கட்டம் கட்டமா, மலையாளம் மாதிரியே இருக்கும் ஆனா படிக்க முடியாத எழுத்தா ஒரு வரிசை பண்ணாரே, அது. புதுக் கண்ணுல உத்துப் பாத்துட்டு "யாரு ஜாதகம்டா இது, குரு எங்க இருக்காரு?"ன்னு கேக்கறாரு. பணிக்கர் அதுல ஜாதகக் கட்டத்தோட சாயலயும் சேத்துருக்காரு, அதனால கேள்வில தப்பே இல்ல!

உன் ஹால் செவுத்து நீளம் ஒயரம் அளந்து அனுப்பு, மத்தியானம் வெயில் விழுதான்னும் பாரு. வெயில் விழுந்தா பிக்மெண்ட் இங்க்னு கேட்டு வாங்கு, மத்தது வெளுத்துரும். பைல நீயே குடுத்து அடிக்கறதா இருந்தா 24 இஞ்ச் அகலத்துக்கு 7200 பிக்சலாச்சும் வேணும், வாட்ஸப்ல வந்ததக் குடுக்காத. தங்கச்சிகிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணு, ஹால்ல தெனமும் அது மொகத்துல தான முழிக்கணும் அவளும். பையன் கராத்தே என்னாச்சு? லீவுல இங்க கூட்டிட்டு வா, மாமா தோட்டத்துல எளநி வெட்டச் சொல்லித் தர்றேன்னு சொல்லு.

உன் மாப்ள