செவலையின் தாடை வீக்கத்துக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

வணக்கம். எங்கள் பசு செவலை நன்றாக இருக்கிறது. தாடைக்குக் கீழே தொங்கிய வீக்கம் வற்றிவிட்டது, தீனி எடுக்கிறது, பாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. வந்து பார்த்தவர்கள், போன் போட்டவர்கள், நடுராத்திரியில் டார்ச்சு பிடித்து நின்றவர்கள் என்று நிறையப் பேர், எல்லாரிடமும் நேரில் போய்ச் சொல்ல முடியவில்லை என்பதால் இந்த மடல். என்ன நோய், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இன்னமும் பாதிப் பேர் "தொண்டை அடைப்பான்தானே வந்துச்சு?" என்று கேட்கிறீர்கள். அது இல்லை.

முதல் நன்றி மேலத்தெரு பெரியம்மாவுக்கு. வீக்கம் பெரிதான அன்று வாசலில் கூட்டம் கூடி, கட்டி என்றார் ஒருவர், கீறிவிட்டால் வடிந்துவிடும் என்றார் இன்னொருவர், சூடு போடப் பழுத்த இரும்போடு ஆளே வந்தாயிற்று. பெரியம்மாதான் நடுவில் புகுந்து, "சூடா இருக்கான்னு தொட்டுப் பாத்தியா, அமுக்கிப் பாத்தியா, ஒண்ணும் பாக்காம கத்தியத் தூக்கிட்டு வர்ற" என்று ஒரே அதட்டல். அவர் விரலால் அழுத்தின இடத்தில், பிசைந்த மாவில் பதிந்த மாதிரி குழி அப்படியே நின்றது. மாடு துளியும் முகம் சுளிக்கவில்லை. "இது சீழ் இல்லடா, நீர்" என்றார். படிக்காதவர் என்று அவரைச் சொல்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படியுங்கள்.

அடுத்து மாட்டு டாக்டர் அம்மா. அவர் வந்ததும் வீக்கத்தைப் பார்க்கவே இல்லை, முதலில் தெர்மாமீட்டர் வைத்தார். 101.4 டிகிரி, மாட்டுக்கு அது காய்ச்சலே இல்லை. தொண்டை அடைப்பானாக இருந்தால் 104, 106 என்று ஏறியிருக்கும், வீக்கம் சூடாகவும் வலியோடும் இருக்கும், எச்சில் வடியும், மூச்சு விடும் சத்தம் தூரத்திலேயே கேட்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் மாடு கைவிட்டுப் போய்விடும் என்று விளக்கினார். அப்படி இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்யச் சொன்னார். மழைக்கு முன்னால் போடும் தடுப்பூசி அதற்குத்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தாடை எலும்பைத் தடவினார். எலும்போடு ஒட்டிக் கல்லாக இருந்தால் அது வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறாம். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா, முன் நெஞ்சில் நீர் இறங்கியிருக்கிறதா, முழங்கையை விரித்து நிற்கிறதா, முதுகை அழுத்தினால் முனகுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாடு தீனியோடு கம்பி, ஆணி எதையாவது விழுங்கி, அது இதயத்தைக் குத்தினாலும் இப்படி நீர் கோக்குமாம். எனக்கு அதுவரை தெரியாது. கட்டுத்துறைப் பக்கம் கட்டடக் கம்பியை வெட்டிப் போட்டுவிட்டுப் போகும் மேஸ்திரிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வரி.

கடைசியாகக் கீழ் இமையை விலக்கிக் காட்டினார். சிவப்பே இல்லை, வெளுத்துப் போயிருந்தது. அங்கேதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. ரத்தம் குறைந்திருக்கிறது, ரத்தத்தில் புரதமும் குறைந்திருக்கிறது, அந்தப் புரதம்தான் நீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்கிறது, அது குறைந்தால் நீர் வெளியே கசிந்து, நாள் முழுக்கத் தலையைத் தொங்கப் போட்டு மேய்கிற மாட்டுக்குத் தாடைக்கு அடியில் வந்து நிற்கிறது. சாயந்தரம் பெரிதாகவும் காலையில் கொஞ்சம் வாடியும் இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆக, தாடையில் நோயே இல்லை. கீறியிருந்தால் நீர்தான் வந்திருக்கும், கூடவே புண்ணும் ஈயும் புழுவும்.

நோய் இருந்த இடம் கல்லீரல். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துப் பிள்ளைகள், அவர்களுக்குத் தனி நன்றி. சாணியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அடியில் படிய விட்டு, மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்பவும் கரைத்துப் படிய விட்டு, கடைசியில் தங்கிய வண்டலில் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் என்னையும் பார்க்க வைத்தார்கள். நீலத்துக்கு நடுவில் பொன் மஞ்சள் நிறத்தில் கல்லீரல் தட்டைப்புழு முட்டை. ரத்தத்தையும் புரதத்தையும் குறைத்தது இந்தப் புழுதான். நிறமே இல்லாத வேறு முட்டைகளும் இருந்தன, அவை இரைப்பைத் தட்டைப்புழுவாம். சும்மா ஒரு துளி சாணியைத் தடவிப் பார்த்தால் தட்டைப்புழு முட்டை தப்பிவிடும், எண்ணிக்கை குறைவு, கனமும் அதிகம் என்பதால்தான் இந்தப் படிய வைக்கிற வேலை. புழு உள்ளே போய் முட்டை போடவே மூன்று நான்கு மாதம் ஆகிறது, அதனால் ஆரம்பத்தில் சாணியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாதாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் நிற்கிற வரப்பு, ஐப்பசி கார்த்திகை மழை, வாய்க்கால் ஓரப் புல், அதில் நத்தை. நத்தைக்குள் வளர்ந்த புழுக்குஞ்சு வெளியே வந்து நீரோரப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது, மாடு அந்தப் புல்லை மேய்கிறது, மாசியில் தாடை வீங்குகிறது. சம்பா அறுவடை முடிந்த கையோடு நம் பக்கத்தில் பல மாடுகள் இளைப்பதை வெயிலின் மேல் போட்டுவிடுகிறோம். எனக்கென்னவோ அதில் பாதி இந்தப் புழுதான் என்று படுகிறது.

மருந்து விஷயத்தில் டாக்டர் அம்மா கண்டிப்பு. கண் மதிப்பில் எடை சொல்லாதீர்கள் என்று டேப்பை எடுத்து நெஞ்சுச் சுற்று 64 அங்குலம், உடல் நீளம் 54 அங்குலம் அளந்து, சுற்றை அதே சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்து, 335 கிலோ என்றார். கல்லீரல் புழுவுக்கான டிரைக்ளாபெண்டசோல் 900 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 75 கிலோவுக்கு, ஆக நாலரை மாத்திரை. இந்த மருந்து இளம் புழுவையும் கொல்லும். ஆனால் இரைப்பைப் புழுவிடம் இது பலிக்காது, அதற்கு ஆக்சிகுளோசனைடு தனியாக, இடைவெளி விட்டுக் கொடுத்தார். உங்கள் மாட்டுக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், சினை மாடாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரும்புச் சத்து ஊசியும் கல்லீரல் டானிக்கும் போட்டார். கடலைப் புண்ணாக்கைக் கூட்டச் சொன்னார், புரதம் உள்ளே போனால்தானே நீர் வற்றும்.

பால் சங்கச் செயலாளர் அண்ணனுக்கு ஒரு பெரிய கும்பிடு. மருந்து கொடுத்த மாட்டின் பாலை டாக்டர் சொன்ன கெடு முடியும்வரை ஊற்ற வேண்டாம் என்று அவரே முன்வந்து சொல்லி, அந்த வாரக் கணக்கில் முன்பணமும் கொடுத்தார். அந்தப் பாலெல்லாம் தென்னைக்குப் போனது. கீழத்தெருத் தம்பி தினமும் உயரமான மேட்டுப் புல்லாகப் பார்த்து அறுத்து வந்து போட்டான், காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறான், அவன் அம்மா பெயரில் சங்கத்தில் கட்டிவிட்டேன், தம்பி கோபித்துக்கொள்ளாதே.

வாத்துக்காரரே, உங்களையும் மறக்கவில்லை. அறுத்த வயலில் உங்கள் வாத்துகள் நத்தையைப் பொறுக்கித் தின்றது எனக்கு இப்போதுதான் உபகாரமாகத் தெரிகிறது. அடுத்த அறுப்புக்கும் நம் வயலிலேயே கிடை போடுங்கள்.

ஆய்வகத்துப் பிள்ளைகளே, மருந்துக்குப் பிறகு கேட்டிருந்த சாணி மாதிரியைக் காலையில் எடுத்து டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன், கூடவே பக்கத்து வீட்டு மாடு இரண்டுக்கும் எடுத்திருக்கிறேன். பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது, நாளைக்குப் பேருந்தில் கொண்டு வருகிறேன்.